பெயரிலேயே காதல்

கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக ஒரு கணவனும் மனைவியும் கைதானார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அமெரிக்காவில், 1958-இல் நடந்தது இது.

ரிச்சர்ட் லவ்விங் ஒரு கொத்தனார். வெள்ளைக்காரர். மில்ட்ரெட் ஜெட்டர் கறுப்பினமும் செவ்விந்திய இனமும் கலந்த குடும்பத்துப் பெண். இருவரும் வெர்ஜீனியா மாநிலத்தில் சென்ட்ரல் பாயிண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்கள். வெள்ளையர் வேற்று இனத்தாரை மணப்பதை அங்கே 1924-ஆம் வருடச் சட்டம் தடுத்தது. அதனால் வாஷிங்டன் போய் 1958 ஜூன் 2 அன்று திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 11, நடுராத்திரி. படுக்கையறைக்குள்ளேயே போலீஸ் நுழைந்தது. சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டியும் பயனில்லை. அது இங்கே செல்லாது என்று சொல்லிக் கைது செய்தார்கள்.

1959 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஓராண்டு சிறை, அல்லது 25 வருடம் இருவரும் சேர்ந்து வெர்ஜீனியாவுக்குள் வரக்கூடாது! வாஷிங்டனில் குடியேறினார்கள். பிள்ளைகள் மூன்று பேர். ஆனால் மில்ட்ரெட்டுக்கு நகரம் ஒட்டவே இல்லை. 1963-இல் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். அவர் ஒரு மனித உரிமை அமைப்பை நாடச் சொன்னார். இரண்டு இளம் வழக்கறிஞர்கள் வழக்கைக் கையில் எடுத்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விசாரணைக்கு ரிச்சர்டும் மில்ட்ரெட்டும் போகவே இல்லை. ரிச்சர்ட் தன் வழக்கறிஞரிடம் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: தன் மனைவியைத் தான் நேசிப்பதாகவும், அவளோடு சொந்த மாநிலத்தில் வாழ முடியாதது அநியாயம் என்றும் நீதிபதிகளிடம் சொல்லுங்கள்.

1967 ஜூன் 12 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அன்று இதே மாதிரி சட்டம் 16 மாநிலங்களில் இருந்தது. அத்தனையும் செல்லாமல் போயின!

ரிச்சர்ட் சொந்த ஊரில் தன் கையாலேயே வீடு கட்டினார். 1975-இல் குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த கார் மோதி அவர் இறந்தார். மில்ட்ரெட்டுக்கு ஒரு கண் போனது. அவர் மறுமணம் செய்யவில்லை. 2008-இல் இறக்கும்வரை அதே வீட்டில் வாழ்ந்தார்.

தனித்தனியாக ஊர் திரும்பியிருந்தால் சட்டம் இருவரையும் தொட்டிருக்காது. ஊரை விட்டாலும் விடுவோம், ஒருவரையொருவர் விடமாட்டோம் என்று இருவருமே நினைத்தார்கள் பாருங்கள்... காதலிப்பதும் காதலிக்கப்படுவதும் அதுதான்.