எப்பிங் வனத்தின் நடைபாதைகள்

ஆங்கிலப் பள்ளியில் நாம் மனப்பாடஞ் செய்த இங்கிலாந்து தேச சரித்திரத்தில் மன்னர்களுக்குக் குறைவிருந்ததில்லை. எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவரையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்க இன்றும் நம்மால் இயலும். ஆனால் தாமஸ் வில்லிங்கேல் என்னும் விறகு வெட்டியின் பெயர் அந்நூலில் ஓரிடத்தும் இல்லை. லண்டன் மாநகரின் வடகிழக்கிலே, இன்று எவரும் எவருடைய அனுமதியும் கோராது கால்நடையாய் உலவி வரும் எப்பிங் வனம், அவ்வேழைக்கும் அவன் குடும்பத்தாருக்கும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை மிகப் பிந்தியே அறிந்தோம்.

மேனர் பார்க் தொடங்கி எப்பிங் ஊரையுங் கடந்து சுமார் 12 மைல் நீளத்தில், ஏறத்தாழ 6,000 ஏக்கர் பரந்து கிடப்பது இவ்வனம். முற்காலத்தில் இஃது அரசரின் வேட்டைக்காடு. அரசரின் காடு என்றால் மண் முழுவதும் அரசருடையது என்று எண்ணிவிடலாகாது. மண் நிலப்பிரபுக்களுடையது, மான்கள் அரசருடையவை, மாடு மேய்க்கும் உரிமையோ குடிகளுடையது. லௌட்டன் என்னும் ஊராருக்கு மற்றொரு முக்கிய உரிமையும் இருந்தது. நவம்பர் 11ஆம் நாள் தொடங்கி ஏப்ரல் 23ஆம் நாள் வரை, அதாவது குளிர்காலம் முழுவதும், மரங்களின் கிளைகளை வெட்டி விறகாக்கிக் கொள்ளலாம். அடிமரத்தைத் தொடலாகாது. மாடு எட்டித் தின்ன முடியாத உயரத்திலே தலை வெட்டப்பட்டு, மறுபடி துளிர்த்து, மறுபடி வெட்டப்பட்டு வந்த ஹார்ன்பீம் மரங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நின்றன.

நவம்பர் 11 பிறக்கும் நள்ளிரவில் முதற்கிளையை வெட்டத் தவறினால் உரிமை என்றென்றைக்கும் போய்விடும் என்பது ஊராரின் நம்பிக்கை. ஒருமுறை அவ்விரவில் விறகு வெட்டிகளுக்குப் பெருவிருந்து வைத்து, மதுவைத் தாராளமாய் ஊற்றி, மதி மயங்கச் செய்யப் பார்த்தார்களாம்; வில்லிங்கேல் மட்டும் எழுந்து போய் ஒரு கிளையுடன் திரும்பி வந்தாராம். இது செவிவழிக் கதை. பின்னர் நடந்தவை கதையல்ல.

அண்டையிலிருந்த ஹைனால்ட் வனம் 1851ஆம் ஆண்டுச் சட்டத்தால் காடென்னும் நிலையையே இழந்தது; சில வாரங்களுக்குள் ஒரு லட்சம் மரங்கள் வீழ்ந்தன என்பர். அந்தத் துணிவு எப்பிங்கிலும் பரவிற்று. லௌட்டன் நிலப்பிரபுவாகிய மெயிட்லண்ட் 1865இல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலியிட்டு அடைத்தார். அவ்வூர்ப் பாதிரியாரும் அவரே என்பதை வாசகர்கள் கவனிக்க. வில்லிங்கேல் வேலியைப் பொருட்படுத்தாமல் வெட்டினார். 1866இல் அவருடைய மகனும் உறவினர் இருவரும் சிறையிடப்பட்டனர்.

இவ்விடத்தில் நம்மைக் குறித்தும் ஒரு சொல். நாம் கிராணியாய் இருந்த ஒரு தோட்டத்தில், லயத்திலிருந்து கோயிலுக்குச் சென்ற ஒற்றையடிப் பாதை ஒரு நில அளவைக்குப் பின் முள்வேலிக்குள் அகப்பட்டுவிட்டது. கிழவிகள் ஒரு மைல் சுற்றி நடந்தனர். அந்த முள்கம்பிக்குச் செலவுச் சீட்டு எழுதியது இந்தக் கைதான். கேட்பாரில்லை, நாமும் கேட்கவில்லை.

லௌட்டனிலோ கேட்பதற்கு ஆள் இருந்தது. 1865இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தார் வில்லிங்கேல் பெயரால் வழக்குத் தொடுத்தனர். 1870இல் அவர் இறக்கவே, வழக்கும் அவரோடு இறந்தது. ஒரு விசித்திரம் பாருங்கள்: பொது மக்களுக்குக் காட்டில் உலவும் உரிமை உண்டென்று இங்கிலாந்துச் சட்டம் ஒப்புக்கொண்டதில்லை! மாடு மேய்ப்பவனுக்கு உரிமை உண்டு. காற்று வாங்க வந்தவனுக்கு இல்லை. ஆகவே வழக்காட ஒரு மாட்டுரிமை வேண்டியிருந்தது. அஃது எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. லண்டன் நகராண்மைக் கழகம் சுடுகாட்டுக்கு வழியின்றித் தவித்து, 1850களில் வனத்தை ஒட்டிய ஒரு பண்ணையை இடுகாட்டுக்காக வாங்கியிருந்தது. அப்பண்ணைக்கு மேய்ச்சல் உரிமை இருந்தது. அதைப் பற்றிக்கொண்டு கழகம் 1871இல் வழக்காடிற்று. அவ்வாண்டு ஜூலை 8ஆம் நாள் வான்ஸ்டெட் வெளியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி வேலிகளைப் பிடுங்கியெறிந்தனர். 1874 நவம்பர் 10ஆம் நாள் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல், 1851 ஆகஸ்டுக்குப் பின் அடைத்த வேலிகள் சட்ட விரோதம் எனத் தீர்ப்பளித்தார்.

1878ஆம் ஆண்டுச் சட்டம் வனத்தைக் கழகத்தின் பொறுப்பில் விட்டு, வேலியின்றியும் கட்டடமின்றியும் பொது மக்களின் இன்பத்திற்காகக் காக்கப் பணித்தது. ஏழாண்டுக்கொருமுறை மேய்ச்சல் உரிமைக் குடிகள் தேர்ந்தெடுக்கும் நால்வரும் நிர்வாகத்தில் அமர்கின்றனர். நிலங்களை மீட்கும் பணம் லண்டன் துறைமுகத்தில் இறங்கிய தானியத்தின் மீது வாங்கிய வரியிலிருந்து வந்தது. 1882 மே 6ஆம் நாள் விக்டோரியா மகாராணி ஹை பீச்சுக்கு வந்து வனத்தை மக்களுக்கு அர்ப்பணித்தார். சரித்திரப் புத்தகம் எழுதுவோர் இந்த நாளை மறப்பதில்லை.

அவர்கள் மறப்பது ஒன்றுண்டு. அதே 1878ஆம் ஆண்டுச் சட்டம் லௌட்டன் மக்களின் கிளை வெட்டும் உரிமையை ஒழித்தது. எந்த உரிமைக்காகச் சிறை சென்றார்களோ அதுவே விலையாய்ப் போயிற்று. நகரத்துக் கணக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை உலவுவதற்குக் கிராமத்தான் அடுப்பு விறகைக் கொடுத்தான். கணக்கர் கூட்டத்தைச் சேர்ந்த நாமே இதைச் சொல்லக் கூசுகிறோம். ஆயினும் நடந்தது அதுவே. கோடரி படாத மரங்கள் தலை கனத்து, அடர்ந்து, கீழே வெயில் புகாதபடி வளர்ந்தன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் வனக்காப்பாளர்களே அவற்றுள் சிலவற்றை மறுபடி வெட்டிவிடத் தொடங்கினர்!

1978இல், சட்டத்தின் நூற்றாண்டு நினைவாக, மேனர் பார்க்கிலிருந்து எப்பிங் வரை 15 மைல் நடைவழி ஒன்று வகுத்தனர். அது லௌட்டனுக்கு அருகாகவே செல்கிறது. இழந்த உரிமைக்கு ஈடாகக் கொடுத்த 7,000 பவுனில் அவ்வூரார் 1884இல் கட்டிய பொது மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. பெயர் லாப்பிங் ஹால். கிளை வெட்டு மண்டபம் என்று பொருள். அதன் பழைய வாசலின்மேல், கோடரியும் கையுமாய் மரத்தடியில் வேலை செய்யும் ஆட்களைச் சுடுமண்ணில் வடித்து வைத்திருக்கிறார்கள்.