செப்டம்பர் 15: காஞ்சிபுரத்துக்கு ஏன் முக்கியம்? உலக வரலாற்றில் இதே நாளில் என்னவெல்லாம் நடந்தது?

கோயில் திருவிழா தேதி என்றால் பெரிய காஞ்சிபுரத்துக்கு ஏகாம்பரநாதர், காமாட்சி. சின்ன காஞ்சிபுரத்துக்கு வரதராஜப் பெருமாள். ஆனா ரெண்டு பக்கமும் பொதுவா நினைவில் வைத்திருக்கும் தேதி ஒன்று உண்டு. அதுதான் செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்தநாள்.

இதே தேதியில் உலகிலும் பல பெரிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. சில தற்செயல், சில வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள். எது எந்த வகை? பார்க்கலாம் வாங்க.

அண்ணாவும் காஞ்சியும்

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. படித்தது பச்சையப்பன் பள்ளி. கொஞ்ச காலம் நகராட்சியில் எழுத்தர் வேலை. 1942-ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கியதும் இதே ஊரில்தான்.

1962 தேர்தலில் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றார். அஞ்சே வருஷம். 1967-ல் முதலமைச்சர்! மாநிலத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத ஆட்சி அது. சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14-ல் 'தமிழ்நாடு' ஆனது. அடுத்த சில வாரங்களில், பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார்.

தேர்ந்தெடுத்த தேதிகள்

2022: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடக்கம். முதல் கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு.

2023: கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. தொடங்கிய இடம் காஞ்சிபுரம். சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய்.

ரெண்டுமே அண்ணா பிறந்தநாளுக்காகவே குறித்த தேதி. ஒரு ஊரில் பிறந்தவரின் நாள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் மாத வரவு செலவைத் தொடுகிறது.

இந்தியாவில் இதே நாள்

1861-ல் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். அதனால்தான் இது பொறியாளர் தினம். 1959-ல் டெல்லியில் தூர்தர்ஷன் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. இந்தியாவில் டிவி பிறந்த நாள் அது.

உலகில் இதே நாள்

1821: குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வடோர், நிகரகுவா, கோஸ்டாரிகா ஆகியவை ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்தன.

1916: முதல் உலகப் போரில், பிரான்ஸின் சோம் பகுதியில் பீரங்கி வண்டி முதன்முறையாகப் போர்க்களத்தில் இறங்கியது.

1935: ஜெர்மனியில் நாஜி அரசு நியூரம்பெர்க் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர்களின் குடியுரிமை பறிபோனது.

1963: அமெரிக்காவின் பர்மிங்காமில் கறுப்பினத்தவர் தேவாலயத்தில் குண்டுவெடிப்பு. 4 சிறுமிகள் பலி.

1987: யாழ்ப்பாணம் நல்லூரில் திலீபன் தண்ணீர்கூட அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 26-ல் உயிரிழந்தார்.

2008: லேமன் பிரதர்ஸ் வங்கி திவால். உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. ஐ.நா. அறிவித்த சர்வதேச ஜனநாயக தினம் முதன்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டதும் அதே நாளில்தான்.

இதில் என்ன புரிகிறது?

லேமன் திவாலுக்கும் அண்ணா பிறந்தநாளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. காலண்டரில் ஒரே கட்டத்தில் விழுந்தவை, அவ்வளவுதான். ஆனா உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சியில், அதே நாளில் தொடங்கியது தற்செயல் இல்லை. ஒரு தலைவரின் பெயரோடு தன் திட்டத்தைச் சேர்த்து மக்கள் மனதில் பதிய வைக்க அரசு எடுத்த முடிவு அது.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் 'வரலாற்றில் இன்று' பட்டியல் வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த நாள் தானா அமைந்ததா, யாராவது தேர்ந்தெடுத்ததா? தேர்ந்தெடுத்தது என்றால், யார், எதற்காக என்று பாருங்க.