ஒரு தீவனத் தொட்டி போன தூரம்

யார் செய்த தொட்டி என்று தெரியாது. மண்ணா, கல்லா, மரமா என்றும் நற்செய்தியாளர் லூக்கா சொல்லவில்லை. ஆனால் ஒரே அதிகாரத்தில் மூன்று முறை அதைக் குறிப்பிடுகிறார். பழைய தமிழ் விவிலியத்தில் அது ‘முன்னணை’. இன்று கத்தோலிக்கர் கோயிலில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் ஒளிவுமறைவில்லாமல் ‘தீவனத் தொட்டி’. மாட்டின் எச்சில் காயாத இடம். விடுதியில் இடம் கிடைக்காத ஒரு தாய், பிள்ளையைத் துணியில் சுற்றி அதில் கிடத்தினாள். தொட்டியின் கதை அங்கே தொடங்குகிறது.

மூன்றாம் நூற்றாண்டிலேயே பெத்லகேமில் ஒரு குகையையும் தொட்டியையும் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அக்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன் எழுதியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் மன்னர் கான்ஸ்டன்டைன் குகைக்கு மேல் கோயில் எழுப்பினார். தொட்டிக்கும் யோகம் அடித்தது: மண் தொட்டியை அகற்றிவிட்டு வெள்ளியில் ஒன்று வைத்தார்கள். 386 முதல் பெத்லகேமிலேயே தங்கி விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோமுக்கு இது பிடிக்கவில்லை. எடுத்தெறிந்த அந்த மண் தொட்டிதான் எனக்கு மேலானது என்று மறையுரையிலேயே வருத்தப்பட்டார்.

ஏழாம் நூற்றாண்டில் தொட்டி கடல் தாண்டியது. எருசலேமைப் பூர்வீகமாகக் கொண்ட திருத்தந்தை முதலாம் தியடோரின் காலத்தில் (642–649) அதன் மரத்துண்டுகள் ரோமுக்கு வந்ததாகக் கத்தோலிக்க மரபு சொல்கிறது. புனித மேரி மேஜர் பெருங்கோவிலில் இன்றும் ஐந்து துண்டுகள் படிகப் பேழைக்குள் இருக்கின்றன. ஜெரோம் சொன்னது மண் தொட்டி ஆயிற்றே, மரம் எப்படி வந்தது? தொட்டியைத் தாங்கிய கால்களாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் குருவானபின் தம் முதல் திருப்பலியை ஒப்புக்கொடுக்கத் தேர்ந்தது இக்கோவிலின் குடில் பீடத்தைத்தான். அது 1538 கிறிஸ்துமஸ்.

ரோமில் மரம் பேழைக்குள் போனது. கிரேச்சோ என்ற மலையூரில் தொட்டி மறுபடி மாட்டிடமே வந்தது. 1223-இல், கிறிஸ்துமஸுக்கு 15 நாள் முன்பே அசிசியின் பிரான்சிஸ் தம் நண்பர் ஒருவரிடம் சொல்லிவைத்தார்: தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம் எதுவும் கேட்கவில்லை. தொட்டியின் மேலேயே திருப்பலி நடந்தது. முடிந்தபின் அந்த வைக்கோல் நோய்ப்பட்ட கால்நடைகளுக்குப் போனது. பிள்ளைப்பேற்று வலியில் துடித்த பெண்கள்மேலும் அதை வைத்தார்கள் என்று பிரான்சிஸின் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறித்திருக்கிறார்.

அடுத்த நிறுத்தம் பிளாரன்ஸ். அங்கே பட்டு வணிகர் சங்கத்தின் பொறுப்பில், கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கியின் வடிவமைப்பில் எழுந்த ‘மாசற்றோர்’ இல்லம் 1445-இல் திறந்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையை விட்டுப்போக வெளித்திண்ணையில் ஒரு கல்தொட்டி இருந்தது. ஒரு பக்கம் மரியா, மறுபக்கம் யோசேப்பு, சுடுமண் உருவங்கள். நடுவில் மட்டும் யாரும் இல்லை. இரவில் யாரோ கொண்டுவந்து கிடத்தும் பிள்ளைதான் அந்தக் குடிலின் பாலன் இயேசு. பெயரில்லாத பிள்ளையைக் கடவுளின் இடத்தில் வைத்துப் பார் என்று கண்ணுக்கே சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. 1445 பிப்ரவரி 5 அன்று வந்த முதல் குழந்தை ஒரு பெண். அகாதா என்று பெயரிட்டார்கள். சில தாய்மார் நாணயத்தையோ பதக்கத்தையோ இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்ட வேண்டுமே! அந்தப் பாதிகள் இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் கிடக்கின்றன. உள்ளே போன எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஒரு பெயராக நின்றது.

1844-இல் தொட்டி ஒரு சொல்லாக மாறிப் பயணப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காகப் பாரிசில் ஓர் இடம் திறந்த மார்போ என்பவர், அதற்கு ‘கிரெஷ்’ என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் அதற்குத் தீவனத் தொட்டி என்று பொருள். நம் தொழிற்சாலைச் சட்டத்தில் நுழைந்த ‘கிரெச்’ அதுதான். தமிழில் தொட்டியோடு ஓர் எழுத்து சேர்ந்தால் தொட்டில். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தமிழக அரசு வைத்த தொட்டில்களுக்கும் பிளாரன்ஸ் தொட்டிக்கும் உறவேதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றைத்தான் சொல்லின: எறியாதே, இங்கே கிடத்து.

2019 நவம்பரில், ரோமிலிருந்த மரத்தில் விரலளவு துண்டு ஒன்றைத் திருத்தந்தை பிரான்சிஸ் பெத்லகேமுக்கே திருப்பி அனுப்பினார். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்பிய அது, புனித கத்தரீனா கோவிலில் இருக்கிறது. அதை அனுப்பியவர் 2025 ஏப்ரலில் மறைந்து, மீதித் துண்டுகள் இருக்கும் மேரி மேஜர் பெருங்கோவிலிலேயே அடக்கமானார்.

நம் ஊர்க் கோயில்களில் டிசம்பர் 24 மாலையே குடில் தயார். வைக்கோல் கூரை, நட்சத்திர விளக்கு, ஆடு மாடு, மரியா, யோசேப்பு எல்லாம் இருக்கும். தொட்டி மட்டும் காலியாக இருக்கும். நள்ளிரவுத் திருப்பலியில் குருவானவர் சுரூபத்தைக் கையில் ஏந்தி வந்து அதில் கிடத்துவார். அதுவரை அது வெறும் மாட்டுத் தொட்டி.