பெயர் மாறிய காரும் கார் மாறிய பெயரும்

"பழைய காரைக் கொடுத்துட்டு அதே மாடல்ல புதுசா ஒண்ணு எடுத்துட்டோம்." இந்த வாக்கியத்துக்கு 1975ல் ஒரு அர்த்தம், இன்றைக்கு முற்றிலும் வேற அர்த்தம். அன்றைக்குக் காரின் பெயரும் மார்க் எண்ணும் மாறிக்கொண்டே இருந்தன, உள்ளே இருந்த கார் மாறவே இல்லை. இன்றைக்குப் பெயர் அப்படியே நிற்கிறது, உள்ளே கார் முழுசாக மாறிவிடுகிறது. இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. சமீபத்தில் எங்கள் வீட்டிலும் கார் மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் ஒரு காரணம்.

கிரில் மட்டும் மாறிய கதை

அம்பாசிடரில் இருந்து தொடங்குவோம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல் தொடங்கப்பட்ட கம்பெனி. முதலில் குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் இருந்தது, 1948ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களைத்தான் இங்கே வேறு பெயர்களில் செய்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசைதான் நம்ம லேண்ட்மாஸ்டர். மூன்றாம் வரிசை 1950களின் கடைசியில் அம்பாசிடர் ஆனது.

அதற்குப் பிறகு வந்த பெயர்களைப் பாருங்க. 1962ல் மார்க் 2, 1975ல் மார்க் 3, 1979ல் மார்க் 4, 1990ல் நோவா. இத்தனை "புது மாடல்"களுக்கும் முக்கியமான வித்தியாசம் என்னவென்றால் முன்பக்க கிரில், இண்டிகேட்டர் விளக்கு, டேஷ்போர்டு. கதவு, கூரை, டிக்கி எல்லாம் அதே. முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை அதே. ஆரம்பத்தில் இருந்த பழைய சைடு வால்வ் இன்ஜினுக்குப் பதிலாக 1959 வாக்கில் 1489 சிசி இன்ஜின் வந்தது. அதுவே மார்க் 4 வரைக்கும், அதற்குப் பிறகும் ஓடியது. பெரிய மாற்றம் என்று சொல்லத்தக்கது 1990களின் தொடக்கத்தில் வந்த 1800 ஐஎஸ்இசட் மாடல்தான். ஜப்பானின் இசுசு இன்ஜின், ஐந்து கியர். அப்போதும் வெளிக்கூடு 1950களின் மோரிஸ்தான்.

பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கதையும் இதேதான். ஃபியட் 1100 டி கார் 1964ல் "ஃபியட் 1100 டிலைட்", 1972ல் "பிரீமியர் பிரசிடெண்ட்", 1974ல் "பிரீமியர் பத்மினி". பத்து வருஷத்தில் மூன்று பெயர், கார் ஒன்றே. ஜனங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருந்தது. கடைசி வரைக்கும் அதை "ஃபியட்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூன்றாவது கம்பெனி நம்ம ஊருடையது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1961ல் டிரையம்ஃப் ஹெரால்டை "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்று கொண்டு வந்தார்கள். மற்ற இரண்டு கம்பெனிகளைவிட இவர்கள் கொஞ்சம் துணிச்சல்காரர்கள் என்றே சொல்வேன். இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசி வரை இரண்டு கதவு கார்தான். இங்கே 1960களின் கடைசியில் நாலு கதவு ஹெரால்டு செய்தார்கள். 1970களில் "கெசல்" என்று பெயர் மாற்றியபோது பின் ஆக்ஸிலையும் மாற்றினார்கள். நம்ம சாலைக்கு ஒத்துவராத ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். 1985ல் தலைகீழாக ஒன்று செய்தார்கள். ரோவர் எஸ்டி1 என்ற நவீன காரின் உடம்பை வாங்கி, அதற்குள் பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து இன்ஜினை வைத்து "ஸ்டாண்டர்டு 2000" என்று விற்றார்கள். விலை அதிகம், இழுவை குறைவு. 1988ல் கதை முடிந்தது.

ஏன் மாறவில்லை?

"லைசென்ஸ் ராஜ், போட்டி இல்லை, அதனால சோம்பேறித்தனம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி டை என்ற சமாச்சாரத்தில் இருக்கு.

காரின் கதவு, கூரை, ஃபென்டர் ஒவ்வொன்றும் தகட்டை பெரிய பிரஸ்ஸில் வைத்து அடித்து எடுப்பது. அந்த வடிவத்தைத் தருவது டை. ஒரு முழு உடம்புக்கான டை செட் மிகவும் விலை கூடியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்துதான் வரணும், அதற்கு அந்நியச் செலாவணி அனுமதி வேணும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்கை மட்டும் பாருங்க. ஒரு பேச்சுக்கு டை செட் 10 கோடி ரூபாய், ஐந்து வருஷத்தில் அந்தச் செலவை எடுக்கணும் என்று வைப்போம். ஆண்டுக்கு 20,000 கார் செய்தால் கார் ஒன்றின் தலையில் 1,000 ரூபாய் விழும். 2 லட்சம் கார் செய்தால் 100 ரூபாய்தான். 1970களில் இந்தியா முழுக்க, எல்லாக் கம்பெனியும் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 கார்கூட செய்யவில்லை. அதோடு 1970களின் நடுப்பகுதி வரை கார் விலையும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. புது டை வாங்கினால் செலவை விலையில் ஏற்றவும் முடியாது.

கிரில் மட்டும் மாறியதன் ரகசியம் இதுதான். கிரில் சின்ன பாகம், அதன் டையும் சின்னது. குறைந்த செலவில் "புது மாடல்" காட்ட அதுதான் வழி.

இங்கே ஒரு ஒப்பீடு உதவும். ஒரே காரை மாற்றாமல் செய்வது தன்னளவில் கெட்ட விஷயம் இல்லை. ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரை 1908ல் இருந்து 1927 வரை பெரிய மாற்றம் இல்லாமல் செய்தார். 1908ல் 850 டாலராக இருந்த விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. மொத்தம் 1.5 கோடி கார். மாறாத காரால் வாங்குபவருக்குக் கிடைத்த பலன் அது. நமக்கு மாறாத கார் மட்டும் கிடைத்தது. எண்ணிக்கை கூடவில்லை, அதனால் விலை இறங்கவில்லை.

வாங்கியவர்கள் முட்டாள்களா?

இல்லை. அன்றைக்கு அம்பாசிடரைக் கொடுத்துவிட்டு அம்பாசிடரே எடுத்தவர்களுக்கு ஒரு தெளிவான கணக்கு இருந்தது.

புது கார் வாங்குவதே லேசு இல்லை. 1959ல் கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருக்கணும். வந்த காரை உடனே கைமாற்றவும் கூடாது. அதனால் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் மாற்றுவது என்றால் ஒரு பழைய காரில் இருந்து கொஞ்சம் குறைந்த பழைய காருக்குப் போவதுதான்.

எங்க அப்பாவும் அப்படித்தான். ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். 1991ல் மார்க் 3ஐக் கொடுத்துவிட்டு 1986 மாடல் மார்க் 4 எடுத்தார். வரவு செலவு நோட்டில் அன்றைக்கு அவர் எழுதிய ஒரு பட்டியல் இன்னும் இருக்கு. பழைய காரில் இருந்து கழற்றிப் புது காரில் போட்ட சாமான்கள்: கேரியர், பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, ரேடியோ, சீட் கவர், ஒரு டப்பா நிறைய பழைய ஸ்பேர். எல்லாம் அப்படியே பொருந்தியது. அவருடைய கையும் காலும்கூடப் பொருந்தியது. புதுசாகக் கத்துக்க எதுவுமே இல்லை.

மெக்கானிக்குக்கும் அதே நிலைமை. ஒரு இன்ஜினை முப்பது வருஷம் பிரித்துச் சேர்த்தவர் காதாலேயே கோளாறைச் சொல்லிவிடுவார். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். இதற்குப் பின்னால் நம்ம மாநிலத்துக்கு ஒரு பங்கு உண்டு. பாகங்களை உள்நாட்டிலேயே செய்யணும் என்ற அரசுக் கொள்கையால் சென்னையைச் சுற்றி ஒரு பெரிய உதிரிபாகத் தொழிலே வளர்ந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949, லூகாஸ் டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962. கார் மாறாமல் இருந்தது வாங்குபவரின் பொறுமையைச் சோதித்தது உண்மை. ஆனால் அந்தக் காரைச் சுற்றி ஒரு அறிவும் ஒரு சந்தையும் சேர்ந்துகொண்டே வந்தன. காரை மாற்றும்போது அந்தச் சேமிப்பு வீணாகவில்லை.

மாருதி தலைகீழாக்கியது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சுசுகியின் சின்ன கார், 796 சிசி. அது வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1986ல் நடந்த விஷயம். மூன்றே வருஷத்தில் அந்தக் காரின் உடம்பை முழுசாக மாற்றினார்கள். இன்ஜின் அளவு அதே, பெயரும் அதே "800". மார்க் 2 என்றோ நோவா என்றோ பெயர் வைக்கவில்லை. ஓரளவு எண்ணிக்கையில் விற்ற கார் என்பதால் டை கணக்கு இப்போது ஒத்துவந்தது. பெயர் நிற்க, கார் மாறும் பழக்கம் நம்ம நாட்டில் பெரிய அளவில் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

வேகன் ஆர் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ஜப்பானில் 1993ல் 660 சிசி சின்ன காராகப் பிறந்தது. இந்தியாவுக்கு 1999ல் வந்தது. 2010ல் இரண்டாம் தலைமுறை, 2019ல் மூன்றாம் தலைமுறை. முதலாவதில் 1061 சிசி, நாலு சிலிண்டர். இரண்டாவதில் 998 சிசி, மூன்று சிலிண்டர். மூன்றாவதில் அடித்தளமே புதுசு, 998 சிசி அல்லது 1197 சிசி இன்ஜின், அகலம் நாலு அங்குலத்துக்கு மேல் கூடுதல். மூன்றுக்கும் பொது என்றால் பெயரும் அந்த உயரமான பெட்டி வடிவமும்தான்.

சாஃப்ட்வேர் ஆள் என்பதால் எனக்கு இப்படித்தான் தோணுது: அம்பாசிடரில் வெர்ஷன் நம்பர் மட்டும் ஏறியது, கோடு அதே. வேகன் ஆரில் திரை அப்படியே இருக்க, பின்னால் கோடு மொத்தத்தையும் திருப்பி எழுதிவிட்டார்கள்.

இன்றைக்குச் சட்டமும் காரை மாறாமல் இருக்க விடாது. எல்லாப் புது கார்களுக்கும் 2019 ஏப்ரலில் ஏபிஎஸ், அதே வருஷம் ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி கட்டாயம் ஆயின. மாருதி 800ம் அம்பாசிடரும் ஒரே வருஷத்தில், 2014ல், தயாரிப்பு நின்றது எனக்கு ஒரு எல்லைக்கோடு மாதிரித் தெரிகிறது.

எது மிஞ்சுகிறது?

எங்கள் 2010 வேகன் ஆருக்குப் பதிவு 15 வருஷம் முடிந்தது. காருக்கான மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, மெக்கானிக் கொடுத்த வேலைப் பட்டியல்தான் நீளமாக இருந்தது. அப்பாவுக்கு இப்போ 76 வயது. இடது முட்டி தேய்ந்து, கிளட்ச் மிதிப்பது கஷ்டமாகிவிட்டது. "வண்டி மாத்துற சாக்குல என்னை ஓட்ட வேண்டாம்னு சொல்லீராத கண்ணு" என்றார். உண்மையான கேள்வி அதுதான். எந்த கார் என்பதைவிட, அவர் இன்னும் சில வருஷம் தானாகச் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வர முடியுமா என்பது.

அதனால் "அதே மாடல்" என்பதை ஒரு பட்டியலாகப் பிரித்துப் பார்த்தேன். குனியாமல், ஏறாமல் நேராக உட்காரும் உயரம்: அதே. எதிரே தெரியும் பார்வை: கிட்டத்தட்ட அதே. சர்வீஸுக்குப் போகும் தூரம்: அதே. அகலம் கூடியிருக்கே, போர்டிகோவில் நுழையுமா என்று டேப் பிடித்தோம். 1620 மில்லிமீட்டர். அந்த போர்டிகோ 1660க்கும் மேல் அகலமான அம்பாசிடருக்காகக் கட்டியது, அதனால் பிரச்சினை இல்லை. மாற வேண்டிய ஒன்று கிளட்ச். அது ஏஎம்டியில் கிடையாது.

ஏஎம்டி வேகன் ஆர் எடுத்தோம். இந்த முறை பழைய காரில் இருந்து மாற்றிப் போட ஒன்றுமே இல்லை. மேட், சீட் கவர் எதுவும் பொருந்தவில்லை. வழக்கமான மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் கம்ப்யூட்டரு வேணுங்க" என்று மூடிவிட்டார். அப்பாவின் இடது கால் மட்டும் முதல் இரண்டு வாரம் இல்லாத கிளட்சைத் தேடியது. காலைக் கொஞ்சம் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ளப் பழகினார். மைதானத்தில் பத்து நாள், பிறகு விடியற்காலை காலி ரோட்டில் பத்து நாள்.

கார் மாற்ற நினைப்பவர்களுக்கு, அதுவும் வீட்டில் வயதானவர் ஓட்டுகிறார் என்றால், நான் சொல்வது இவ்வளவுதான். பின்னால் எழுதியிருக்கும் பெயரை நம்பி "அதே வண்டிதானே" என்று எடுக்காதீங்க. "அதே வண்டியா, எதுக்கு?" என்று ஒதுக்கவும் வேண்டாம். ஓட்டுபவரைக் கூட்டிப் போய் உட்கார வைங்க. அவர் உடம்புக்கு எது அதே, எது புதுசு என்று ஒரு தாளில் எழுதுங்க. 1991ல் எங்க அப்பாவுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. இன்றைக்கு நம்ம எல்லோருக்கும் தேவைப்படுது.