கிள்ளான் காய்ச்சலும் சுகாதார வாரியமும்

இன்று சுபாங் ஜெயா என வழங்கும் நகரம் எழுந்து நிற்கும் நிலம், 1970களின் நடுப்பகுதிவரை சீபீல்டு தோட்டம் என்னும் பெயரால் அறியப்பட்டிருந்தது. தோட்டம் நகராக மாறிய பின்னர், லயங்கள் இருந்த இடங்களில் வீடுகளும் கடைகளும் எழுந்தன. பழைய பெயரை இன்றும் தாங்கி நிற்பனவற்றுள் ஒன்று அங்குள்ள தமிழ்ப்பள்ளி. அப்பெயருக்கு மருத்துவ வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலேரியாக் காய்ச்சலை மேட்டு நிலத்தில் எவ்வாறு அடக்குவது என்று முயன்று பார்த்த தோட்டங்களுள் சீபீல்டும் ஒன்றாகும்.

மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பை 1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் செய்தார். ஐந்தாண்டுக்குள் கிள்ளான் நகரில் அக்காய்ச்சல் அடக்கப்பட்டது. அவ்வாறிருக்க, அந்நகரைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மேலும் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, மருத்துவ நூல்களைக் காட்டிலும் சுகாதார நிருவாகத்தின் வரலாற்றையே நாட வேண்டும்.

நகரில் கண்ட வெற்றி

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட அரசாங்க மருத்துவராக மால்கம் வாட்சன் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். நகரைச் சுற்றிலும் சதுப்பு நிலமும் புதர்க்காடும் மண்டிக் கிடந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் துறைமுகத் தொழிலாளரும் அரசாங்க ஊழியரும் காய்ச்சலில் விழுந்தனர். பெருஞ்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது.

வாட்சன் கூறிய வழி எளியது. காட்டை வெட்டுக, வாய்க்கால் தோண்டித் தேங்கிய நீரை வடியச் செய்க, கொசு முட்டையிட இடமில்லாமற் போகும் என்றார். அரசாங்கம் அதற்கு இணங்கியது. விளைவைக் கணக்குகள் கூறும். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் 1901இல் 334 பேர், 1902இல் 129, 1903இல் 48, 1904இல் 28, 1905இல் 12. நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் 1901இல் 368 பேர், அடுத்த ஆண்டே அத்தொகை 59 ஆயிற்று, 1905இல் 45. அரசாங்க ஊழியர் காய்ச்சலுக்காக எடுத்த விடுமுறை 1901இல் 1,026 நாள். 1905இல் வெறும் 30 நாள்.

இதற்கான செலவு, 1905 முடிய, நகருக்கு ஏறக்குறைய 3,100 பவுன். துறைமுகத்துக்கு ஏறக்குறைய 7,000 பவுன். ஒரு துறைமுகத்தைக் காப்பாற்றிய தொகை என்று பார்த்தால் இது மிகச் சிறியது.

ஆனால் அதே கணக்கில் மற்றொரு வரிசையும் உண்டு. நகரும் துறைமுகமும் நீங்கலாக, மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் காய்ச்சலால் இறந்தோர் 1900இல் 173 பேர், 1901இல் 266, 1905இல் 351. அப்பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. குடியேறிய மக்களும் பெருகினர் என்பது உண்மையே. எனினும் நகரில் தொகை சரிந்த அதே ஆண்டுகளில், கூப்பிடு தொலைவில் அது ஏறிக்கொண்டிருந்தது. நகரில் நிலமும் வாய்க்காலும் செலவும் அரசாங்கத்தின் பொறுப்பு. வெளியே அவை தோட்ட முதலாளிகளின் பொறுப்பு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

மேட்டு நிலத்தின் புதிர்

வாட்சன் பின்னர் அரசாங்கப் பணியிலிருந்து விலகிக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். அங்கே அவருக்கு ஒரு புதிர் காத்திருந்தது. கடலோரத் தாழ்நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. குன்றும் ஓடையுமாக அமைந்த உள்நாட்டுத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் மிகுந்தது.

காரணம் கொசுவின் இனத்தில் இருந்தது. தாழ்நிலக் காட்டு நிழலில், தேங்கிய நீரில் வளர்வது அம்புரோசஸ் என்னும் இனம். நிழல் போனால் அது போய்விடும். குன்றுகளிடையே வாழும் மாக்குலேட்டஸ் என்னும் இனமோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. ரப்பர் நடுவதற்காக மலைச்சரிவுக் காட்டை வெட்டியபோது, இருண்டு கிடந்த ஓடைகளின்மேல் வெயில் பட்டது. மாக்குலேட்டஸ் பெருகியது. தோட்டத்தைத் திறந்த வேலையே காய்ச்சலையும் திறந்துவிட்டது எனலாம்.

லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, வீங்கிய மண்ணீரலை எண்ணியே வாட்சன் ஒவ்வொரு தோட்டத்தின் நிலையையும் அளந்தார். பெரியவர்கள் ஊர்விட்டு ஊர் மாறுபவர்கள். அங்கேயே வளரும் குழந்தையின் உடலே அந்நிலத்தின் உண்மையைக் காட்டும் என்பது அம்முறையின் அடிப்படை. காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுக்கும் வழக்கமும் பல தோட்டங்களில் இருந்தது. அது நோயாளியைத் தேற்றியதேயன்றி நோயின் ஊற்றை அடைக்கவில்லை.

ஊற்றை அடைக்க இரு வழிகள் காணப்பட்டன. ஓடை நீரை நிலத்தடியில் பதித்த மண்குழாய்களின் வழியே செலுத்தினால் கொசு நீரை அணுகவே முடியாது. குழாய் பதிக்க இயலாத இடத்தில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தால் புழுக்கள் மூச்சடைத்து மடியும். குழாய்க்கு முதற்செலவு மிகுதி. எண்ணெய்க்குத் தொடர்ந்த செலவு. ஒரு வாரம் தவறினாலும் பயனில்லை. இரண்டையும் செய்ய அறிவு இருந்தது. செலவை ஏற்பவர் யார் என்னும் கேள்வியே எஞ்சி நின்றது.

அதிகாரமற்ற வாரியம்

1911ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு மாநிலங்களின் வரலாற்றில் ஒரு துயர ஆண்டு. ரப்பர் விலை ஏற்றத்தால் தோட்டங்கள் பெருகித் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. அவ்வாண்டு தோட்டத் தொழிலாளருள் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 பேர் இறந்தனர். பெரும்பாலும் உழைக்கும் வயதினரே அடங்கிய ஒரு கூட்டத்தில், ஒரே ஆண்டில் பதினாறு பேருக்கு ஒருவர் மடிந்தார் என்பது இதன் பொருள். மலேரியாவோடு வயிற்றுக்கடுப்பும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழு நோயும் சேர்ந்து அவர்களை வாட்டின.

அதே 1911இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைக்கப்பட்டது. அது செய்த பணி சிறிதன்று. வடிகால் அமைக்கும் முறைகளை ஆராய்ந்தது. எங்கு எது பொருந்தும் என்று அறிவுரை கூறியது. ஆயினும் அதன் பெயரிலேயே அதன் குறையும் அடங்கியிருந்தது. ஆலோசனை கூறலாம், கேளாதவரைக் கட்டாயப்படுத்த அதற்கு ஆற்றல் இல்லை.

ஒரு தோட்டத்தார் செவ்வனே வடிகால் அமைக்கிறார் என்று கொள்வோம். அவருடைய எல்லைக் கல்லுக்கு அப்பால் உள்ள தோட்டத்தார் வாளாவிருக்கிறார். அப்பாலிருந்து வரும் கொசு இப்பாலுள்ள லயத்தில் கடிக்கும். ஓடையும் அவ்வாறே, ஒருவர் நிலத்தில் தோன்றி மற்றொருவர் நிலத்தில் பாய்வது அதன் இயல்பு. எனவே எவ்வளவு நல்லெண்ணம் உடையவரானாலும் ஒரு தனித்தோட்டத்தார் இந்நோயை முற்றும் வெல்ல இயலாது. எல்லோரையும் சேர்த்து நடத்தும் ஒரு பொது அமைப்புத் தேவைப்பட்டது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். ஒருவனுக்கு வந்த நோயைத் தீர்க்க அந்நான்கும் போதும். ஓர் ஊருக்கு வந்த நோய்க்கோ, பொதுச் செலவை ஏற்று நடத்தும் ஐந்தாம் கூறு ஒன்றும் வேண்டும். கிள்ளான் நகருக்கு அது வாய்த்தது. தோட்டங்களுக்கு வாய்க்கவில்லை.

1926ஆம் ஆண்டுச் சட்டம்

தோட்டங்களின் சுகாதார நிலையை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1924இல் தன் அறிக்கையை அளித்தது. பெரிய நிறுவனங்களின் தோட்டங்கள் சில நல்ல மருத்துவமனைகளை வைத்திருந்தன. சிறு தோட்டங்கள் பலவற்றில் மருத்துவமனை என்பது பெயரளவே. ஒரு டிரசரும் சில கட்டில்களுமே அங்குக் கண்டவை. தகுதி பெற்ற மருத்துவர் எப்போதாவது வந்து போவார். இந்நிலை மாற வேண்டுமாயின், தோட்டங்களைக் குழுக்களாகச் சேர்த்துப் பொது மருத்துவமனைகளும் மருத்துவர்களும் அமைய வேண்டும். அதற்குத் தோட்டங்களிடம் வரி திரட்டி நடத்த ஒரு வாரியம் வேண்டும் என்னும் கருத்து உருப்பெற்றது. அதன் பயனாக 1926இல் சுகாதார வாரியச் சட்டம் நிறைவேறியது.

முன்னைய ஆலோசனை வாரியத்துக்கு இல்லாத ஆற்றல் இதற்குக் கிடைத்தது. அந்த ஆற்றலே அதற்குப் பகையையும் தேடித் தந்தது. செலவு மிகை என்றும், தோட்ட நிருவாகத்தில் தலையீடு என்றும் தோட்ட முதலாளிகள் எதிர்த்தனர். சொந்தச் செலவில் மருத்துவமனை நடத்துபவர், அசட்டையாக இருந்த அண்டைத் தோட்டத்துக்காகத் தாமும் வரி கட்ட வேண்டுமா என்று எண்ணியதில் ஓரளவு நியாயமும் இருந்தது. அதற்கு விடை, எல்லைக் கல்லை அறியாத கொசுவிடமே இருந்தது. ஆனால் அவ்விடையை ஏற்கும் மனநிலை வாய்க்கவில்லை.

இதற்கிடையே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் வேலை இழந்து தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நெருக்கடிக் காலத்தில் வாரியமும் கைவிடப்பட்டது. தோட்டச் சுகாதாரம் மீண்டும் அந்தந்தத் தோட்டத்தின் பொறுப்பாயிற்று.

தோட்டங்களில் இறப்பு விகிதம் 1911ஆம் ஆண்டின் நிலையிலிருந்து பிற்காலத்தில் பெரிதும் இறங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. வடிகாலும் எண்ணெயும், நல்ல குடிநீரும், தொழிற்சட்டங்களும் அதற்குத் துணைசெய்தன. ஆனால் கிள்ளான் நகரில் ஓராண்டில் நிகழ்ந்த மாற்றம் தோட்டங்களில் ஒரு தலைமுறைக் காலம் எடுத்தது. அந்த இடைவெளியில் மடிந்தவர்கள் நோய்க்கு மருந்து தெரியாத காலத்தில் மடிந்தவர்கள் அல்லர்.

இன்றைய நகரில்

மலேசியா மலேரியாவைப் பெரும்பாலும் வென்றுவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் மலேரியா, 2018 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து, உள்நாட்டில் எவருக்கும் தோன்றவில்லை என்று பதிவாகியுள்ளது. குரங்கினின்று பரவும் ஒருவகை மட்டும் காட்டோரங்களில் எஞ்சியுள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் இடத்தை டிங்கிக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓடையும் சதுப்பும் வேண்டுவதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டும், கூரைத் தாங்கலில் நின்ற மழைநீரும் போதும். டிங்கி மிகுந்த மாநிலமாகப் பல ஆண்டுகளாகச் சிலாங்கூரே இருந்து வருகிறது. 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், சுகாதார அதிகாரிகள் தனியார் வளாகத்துள் நுழைந்து சோதிக்கவும், தண்டம் விதிக்கவும் ஆற்றல் தந்தது. 1911ஆம் ஆண்டு வாரியத்துக்கு மறுக்கப்பட்ட ஆற்றல் இது.

எனினும், என் வீடு தூய்மையாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்னும் குரல் இன்றும் கேட்கிறது. தோட்ட முதலாளிகள் எழுப்பிய அதே குரல்தான். சீபீல்டு என்னும் பெயரைத் தாங்கிய பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு அப்பெயரின் வரலாற்றைச் சொல்லும்போது, வாய்க்கால் வெட்டியவர்களையும், அந்த வாய்க்கால் வரும்வரை உயிரோடிராத தமிழர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரம் என்னும் பாடத்தில் 'பொது' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதை அவர்கள் அப்போது எளிதில் உணர்வர்.