பேரும் பேறும்: மலையகத் தோட்டங்களில் மகப்பேற்று உரிமையும் நாட்கணக்கும்

உழைப்பின் வரலாறு நேரத்தைப் பற்றிய போராட்டத்தின் வரலாறாகவும் அமைவதை ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய இயலில், மார்க்ஸ் விரிவாகக் காட்டியுள்ளார். ஆலைத் தொழிலாளியைப் பொறுத்தவரை அப்போராட்டம் பெரிதும் ஒரு நாளின் மணித்தியாலங்கள் பற்றியதாக இருந்தது. இலங்கையின் மலையகத் தோட்டத்துப் பெண்ணுக்கோ அது ஓர் ஆண்டின் நாட்கள் பற்றியதாகவும் அமைந்தது. அவளது மகப்பேற்று உரிமை எத்தனை நாட்கள் பதிவேட்டில் விழுந்தன என்பதோடு பிணைக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணமாகும். இப்பிணைப்பின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேர் என்னும் அளவை

கொட்டகலையைச் சூழவுள்ள டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மவுண்ட் வேர்னன் முதலான தோட்டங்களிலும், ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் ஏனைய தோட்டங்களிலும், ஒரு நாள் வேலை ‘பேர்’ என்றே வழங்கப்படுகிறது. பிரட்டுக்களத்தில் பெயர் பதியப்பட்டு, மலையில் கொழுந்து பறித்து, நிறுவையில் குறித்த அளவு தேறினால் முழுப்பேர், தேறாவிடின் அரைப்பேர். உழைப்பை அளக்கும் அலகுக்கு உழைப்பவளின் பெயரே பெயராயிற்று என்பது மொழியியல் விந்தை மட்டுமன்று. பதிவேட்டில் விழாத நாளில் அவள் உழைப்பாளியாகக் கணிக்கப்படவில்லை என்னும் சமூக உண்மையையும் அச்சொல் தாங்கி நிற்கிறது.

இப்பேரைப் போடும் அதிகாரம் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். பேர் போடுவோரோ ஏறத்தாழ முற்றாக ஆண்கள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு நாட்டார் பாடல்களில் கங்காணி மீதான வெறுப்பு மீண்டும் மீண்டும் ஒலிப்பதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். தனிமனிதன் ஒருவனின் கொடுமையை மட்டும் அவை பேசவில்லை. கூலியை ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஒரு பதிவு முறையையே அவை எதிர்கொள்கின்றன.

2. சட்டத்தின் வருகை

தோட்டங்களில் பிரசவம் முதன்முதலில் சட்டப் பொருளானது தாயின் உரிமையாக அன்று. தொழிற்படையைப் பேணும் செலவாகவே. 1912 ஆம் ஆண்டின் தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம், தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் பொறுப்பைத் துரை மீது சுமத்தியது. வைத்திய அதிகாரி அவள் வேலைக்குத் தகுதியுடையவள் எனச் சான்றளித்தால் அவ்வொரு மாதமும் சுருங்கலாம். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமோ ஆண், பெண், பிள்ளை என மூன்று வேறு விகிதங்களை நிலைநாட்டியது. பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலிக்குச் சமமானது 1984 இலேயே என்பதும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரமும் பின் நான்கு வாரமுமாக ஆறு வாரத்துக்கு அது பணம் வழங்கியது. இச்சட்டம் தோன்றிய சூழல் கவனத்துக்குரியது. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்திருந்தார். மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கித் தோட்டங்களில் பாடி வந்தார். 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியும் 1939 இல் இலங்கை இந்தியன் காங்கிரசும் உருவாகின. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். ஆட்சியாளரின் கருணையை மட்டும் கொண்டு இச்சட்டத்தை விளக்குதல் பொருந்தாது.

3. 150 நாட்களின் கணக்கு

உரிமையை அளித்த சட்டம் அதற்கு ஒரு வாயிலையும் அமைத்தது. அறிவித்தல் கொடுக்கும் நாளுக்கு முந்திய ஓராண்டினுள் அதே தொழில்கொள்வோரிடம் 150 நாட்களாவது வேலை செய்திருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1958 ஆம் ஆண்டுப் பெருந்தோட்ட உடன்படிக்கையும் இதே 150 நாள் வரையறைக்கு இடமளித்தது.

ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்க 150 நாட்கள் பெரிதல்ல எனத் தோன்றலாம். கணக்கைத் தோட்டத்தின் நடைமுறையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். வாரத்துக்கு ஆறு நாட்கள் வேலை கிடைத்தால் 25 வாரங்களில் 150 நாட்கள் நிறைந்துவிடும். நான்கு நாட்களாயின் ஏறத்தாழ 38 வாரங்கள் வேண்டும். மூன்று நாட்களாயின் 50 வாரங்கள். அதாவது ஓராண்டு முழுவதும் கிடைப்பது 156 நாட்களே. ஆறு நாட்கள் காய்ச்சலில் படுத்தாலும் கணக்கு விளிம்புக்கு வந்துவிடும். ஏழாவது நாள் உரிமையையே பறித்துவிடும். முந்திய பிரசவத்துக்காக 12 வாரம் வீட்டிலிருந்தவளுக்கு அவ்வாண்டில் எஞ்சுவது 40 வாரங்கள்; வாரம் நான்கு நாள் வேலையாயின் அவ்வாரங்களில் அவள் பத்து நாட்களுக்கு மேல் தவறவிட முடியாது.

வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதைத் தீர்மானிப்பவள் அவளல்லள். வறட்சி, கொழுந்து குறையும் பருவம், விலைவீழ்ச்சி, நிர்வாகத்தின் சிக்கனம் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் நிபந்தனையை நிறைவு செய்யும் பொறுப்பு அவளுடையது. ஆதலின் கருவுற்ற தொடக்க மாதங்களின் மயக்கத்தையும் வாந்தியையும் பொருட்படுத்தாது மலையேறுவதும், விட்ட நாட்களைப் பிந்திய மாதங்களில் ஈடுசெய்ய முயல்வதும் அவளது நியாயமான கணிப்பாகின்றன. ஓய்வு மிக வேண்டிய காலத்தில் அதிகம் உழைத்தே, ஓய்வுக்கான உரிமையை அவள் ஈட்ட வேண்டியதாகிறது. பிரசவத்தை அண்மிய மாதங்களில் தீங்கு விளைக்கும் வேலையில் பெண்ணை அமர்த்தலாகாது எனப் பின்னர் வந்த திருத்தங்கள் விதித்தன. அவையும் இக்கணக்கின் நிர்ப்பந்தத்தை நீக்கவில்லை.

4. மூன்றாவது பிள்ளை

1985 ஆம் ஆண்டின் திருத்தம் விடுமுறையை 12 வாரமாக, அதாவது 84 நாட்களாக, உயர்த்தியது. ஆனால் ஏற்கெனவே இரு பிள்ளைகளை உடையவளுக்கு 42 நாட்களே கிடைத்தன. மூன்றாவது பிள்ளையின் தாய் 1939 இன் ஆறு வார அளவிலேயே நிறுத்தப்பட்டாள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பணவூக்கத்தால் அரசு முன்னெடுத்த காலம் அது. தொழிற்படையைப் பெருக்குவதில் ஒருகாலத்தில் நாட்டம் கொண்டிருந்த பெருந்தோட்ட அமைப்பு, ஆட்தேவை குறைந்த காலத்தில் பிள்ளைப்பேற்றைச் சுமையாகக் கண்டது. இவ்வேறுபாடு 2018 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருத்தத்தாலேயே நீங்கியது. இடைப்பட்ட 33 ஆண்டுகளில் பிறந்த மூன்றாம், நான்காம் பிள்ளைகளின் தாய்மார் தம் உடலாலேயே அதன் விலையைக் கொடுத்தனர்.

5. வரவுக் கொடுப்பனவு

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபின், கூட்டு ஒப்பந்தங்கள் வாயிலாக மற்றொரு கணக்கு நுழைந்தது. 2013 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபா; அதில் 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. மாதத்தில் வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதத்துக்கு வருகை தந்தவருக்கே அது உரியது. 24 நாள் வேலை வழங்கப்பட்ட மாதத்தில் 18 நாள் வந்தவள் அதைப் பெறுவாள். 17 நாள் வந்தவள் அப்பதினேழு நாட்களுக்குமான 2,380 ரூபாவை இழப்பாள். ஆண்டுக் கணக்கின் தர்க்கம் இங்கு மாதக் கணக்காகச் சுருங்கியது. கருவுற்றவளும் பாலூட்டுபவளும், பிள்ளைக் காம்பராவிலிருந்து நோயுற்ற குழந்தையை எடுத்துவர வேண்டியவளும் அதில் முதலில் தோற்பர். 2019 ஒப்பந்தத்தில் இக்கொடுப்பனவு கைவிடப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 200 ரூபா வரவுக் கொடுப்பனவை முன்மொழிந்தமை அத்தர்க்கம் இன்னும் மறையவில்லை என்பதைக் காட்டும்.

6. முடிவாக

150 என்னும் எண் இயற்கை விதியன்று. இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைச் சட்டம் முதலில் 160 நாட்களைக் கோரியது. 1988 இல் அது 80 ஆகக் குறைக்கப்பட்டது. வேலை வழங்கப்படாது நிறுத்தப்பட்ட நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்களும் அங்கு வேலை செய்த நாட்களாகக் கணிக்கப்படுகின்றன. வேலை இல்லாமையின் சுமையைத் தாய் மீது ஏற்றாத கணக்கு சாத்தியமே என்பதற்கு இது சான்று.

இன்று தோட்டங்களில் பரவிவரும் வெளியார் உற்பத்தி முறை பிரச்சினையை வேறொரு தளத்துக்கு நகர்த்தியுள்ளது. தேயிலைத் துண்டொன்றைக் குடும்பத்திடம் ஒப்படைத்துக் கொழுந்தை நிறைக்கு வாங்கும் இம்முறையில் பேர் இல்லை; பேர் இல்லாதவிடத்துத் தொழில்கொள்வோரும் இல்லை; ஆகவே நிறைவு செய்ய 150 நாட்களும் இல்லை, பெற வேண்டிய 84 நாட்களும் இல்லை. நாட்கணக்கின் கொடுமைக்கு எதிரான கோரிக்கை அக்கணக்கைத் தளர்த்துவதோடு நின்றுவிடலாகாது. தொழிற்படையின் மீளுற்பத்தியே சமூகத்துக்கு ஆற்றும் உழைப்பாகலின், அதற்குரிய பாதுகாப்பு பதிவேட்டின் பேரிலிருந்து விடுபட்டுத் தாய்மையின் உரிமையாக நிலைபெறுதல் வேண்டும். மலையகத் தொழிற்சங்க இயக்கம் சம்பளக் கோரிக்கைக்கு இணையான இடத்தை இதற்கு அளிக்குமா என்பதே அவ்வியக்கத்தின் முன்னுள்ள வினாவாகும்.