வொர்க்கிங் ஹாலிடே விசாவும் காவிரி டெல்டாவும்

வொர்க்கிங் ஹாலிடே விசா என்பது, பெரும்பாலும் 18 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் வேறொரு நாட்டில் ஓராண்டோ இரண்டாண்டோ தங்கி ஊர் சுற்றிப் பார்க்கவும், அதற்கான செலவை அங்கேயே வேலை செய்து ஈட்டிக்கொள்ளவும் தரப்படும் அனுமதி. ஆஸ்திரேலியா 1975இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டவருக்கு இதைத் தொடங்கியது. 1980இல் ஜப்பான் சேர்ந்தது. இந்தியருக்கு ஆஸ்திரேலியாவின் கதவு திறந்தது 2024இல்தான். ஆனால் கும்பகோணம், தாராசுரம், மன்னார்குடி, நாகப்பட்டினம் வட்டாரங்களில் இளவயதில் அக்கரைச் சீமைக்குப் போய்ச் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் வழக்கம் மிகப் பழையது. அதை இந்த விசாவின் முன்னோடி என்பது முழுவதும் பொருந்தாது. அன்றைய பயணத்தில் விடுமுறைக்கு இடமே இருந்ததில்லை. இளவயது, குறிப்பிட்ட காலம், அரசின் அனுமதி, திரும்பிவரும் எண்ணம் ஆகியவை மட்டும் இரண்டுக்கும் பொது.

சோழர் காலத்திலேயே நாகப்பட்டினம் தென்கிழக்காசிய வணிகத் துறைமுகமாக இருந்தது. ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் அதற்குச் சான்று. 1786இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றம் அமைந்தபின் நாகூர், நாகப்பட்டினம் வணிகர்கள் அங்கு பெருகினர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டில் நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன.

தோட்டத் தொழிலாளர் போக்குவரத்து பற்றிய பதிவுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செறிவாகக் கிடைக்கின்றன. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரே உரிமச் சீட்டுடன் சொந்த ஊருக்கு வந்து, உறவிலும் தெருவிலும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். 1907இல் ஏற்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுக் கப்பல் கட்டணத்தைச் செலுத்தியது. நாகப்பட்டினத்து முகாமில் வைத்தியர் பார்த்து, அம்மை குத்தி, சாப்பாடு போட்டுக் கப்பல் வரும்வரை தங்கவைப்பார்கள். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இந்த ஆள்சேர்ப்பை இந்திய அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது.

அன்றைய நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. கப்பல் கடலில் நங்கூரமிடும். ஆட்களும் தகரப் பெட்டிகளும் படகில் போய் ஏற வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ இந்தத் தடத்தின் புகழ்பெற்ற கப்பல்; ஒரு காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. மேல்தளப் பயணம் என்றால் அறையும் கட்டிலும் கிடையாது. விரித்த பாய்தான் அவரவர் இடம். பினாங்கை அடைந்தவர்கள் நேராக ஊருக்குள் போய்விட முடியாது. எதிரிலுள்ள ஜெரெஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக் காவல் இருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலாவை டெல்டாவின் மூத்த தலைமுறை இன்னும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது.

கங்காணி முறையில் போனவர்கள் சுதந்திரத் தொழிலாளர்களா என்பது தீராத விவாதம். கடனும் ஒப்பந்தமும் இல்லாததால் ஒப்பந்தக் கூலியைவிட மேலானது என்பது ஒரு சாரார் கருத்து. கங்காணியின் பிடியும் தோட்டத்துக்குள் அடங்கிய வாழ்க்கையும் அதை அடிமைத்தனத்துக்கு அருகில் வைத்தன என்பர் மற்றவர். வேலை உள்ளவரைதான் வரவேற்பு என்பதை 1930களின் பொருளாதார மந்தம் காட்டியது: லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936இல் நிலைமையை ஆராய மலாயா சென்றவர், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. தம் வட்டாரத்து மக்கள் ரப்பர் பால் வெட்டும் தோட்டங்களை நேரில் கண்ட அவர், நாட்கூலியை ஆண்களுக்கு 50 சென்ட், பெண்களுக்கு 40 சென்ட் என்ற பழைய அளவுக்கு உயர்த்தப் பரிந்துரைத்தார். 1938இல் கூலி மறுபடி குறைக்கப்பட்டதும், உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது.

போருக்குப் பின் மலாயா 1953 முதல் குடிநுழைவை இறுக்கியது. கடைசிப் பயணிகள் கப்பலான ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. 1970களின் எண்ணெய்ப் பெருக்கம் வளைகுடாவைத் திறந்தது; கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போவது வீட்டுக்கு வீடு நடந்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் முன்அனுமதி பெற வேண்டும். காமன்வெல்த் இளைஞர்களுக்குப் பிரிட்டன் நடத்திய விடுமுறை வேலைத் திட்டத்தில் இந்தியருக்கும் இடம் இருந்தது. 2008இல் அது நின்றது.

2023 பிப்ரவரியில் பிரிட்டன், ஆண்டுக்கு 3,000 இந்தியப் பட்டதாரிகளை இரண்டாண்டு தங்கவிடும் திட்டத்தைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் 1,000 இடங்களுக்குக் குலுக்கல் பதிவைத் திறந்தது. முதல் இரண்டு வாரங்களிலேயே ஏறத்தாழ 40,000 பேர் பதிந்ததாக அந்நாட்டு அரசுத் தரப்பு தெரிவித்தது. ஆங்கிலமும் பள்ளிக்கு மேல் இரண்டாண்டுப் படிப்பும் கையில் போதிய பணமும் வேண்டும் என்பதால், கங்காணியோடு கப்பலேறியவர்களைப் போன்ற ஏழைகளுக்கு இது எட்டாது. டெல்டாவினர் மிகுதியாக வேலைக்குப் போகும் சிங்கப்பூரும் 2007 முதல் ஆறு மாத விடுமுறை வேலை அனுமதி வழங்குகிறது. அதற்குத் தகுதியான பல்கலைக்கழகங்கள் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.